ரூலி தன் சைக்கிளைப் பத்திரமாக விற்றாள்

ஆசென் ரயில் நிலையத்துச் சைக்கிள் காப்பகத்தில் இருபத்துநான்கு வருஷம் உட்கார்ந்திருந்தவள் ரூலி. விடியற்காலை முதல் வண்டிக்கு முன்னால் கதவைத் திறப்பாள். வருகிற சைக்கிளின் கைப்பிடியில் சீட்டின் ஒரு பாதியைக் கட்டுவாள், மறுபாதியை ஆளின் கையில் கொடுப்பாள். அந்தப் பாதி இல்லாமல் யார் வந்து நின்றாலும் சைக்கிள் கிடையாது. ஒரு நாள் கொட்டுகிற மழையில் கோட்டு சூட்டு போட்ட வக்கீல் ஒருவர் சீட்டில்லாமல் வந்து குதித்தார்.

"நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியும். சீட்டைத் தொலைச்சவர்."

அரை மணி நேரம் பைக்குப் பையாகத் துழாவி, கடைசியில் தொப்பிக்குள்ளிருந்து அவர் சீட்டை எடுத்த பிறகுதான் பூட்டைத் திறந்துவிட்டாள். அவள் காவலில் இருந்த காலத்தில் ஒரு சைக்கிள்கூடக் களவு போகவில்லை. ஒன்றே ஒன்றுகூட! சைக்கிள் திருட்டு மலிந்த இந்த நாட்டில் அது சின்ன விஷயமில்லை. பணி ஓய்வு விருந்தில் மேலதிகாரி அதைச் சொல்லிக் கைதட்டச் சொன்னபோது, ரூலி கூச்சப்படவே இல்லை. "உண்மைதானே" என்று கேக்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவள்தான். நம்பினால் நம்புங்கள்.

புருஷன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. ஒரே மகள், டெஸல். அந்த டெஸல் எட்டு வருஷம் கூர்ட் என்பவனோடு குடித்தனம் நடத்தினாள். கல்யாணம் என்று பதிவு செய்துகொள்ளவில்லை, இங்கே பாதிப் பேர் செய்துகொள்வதில்லை. கூர்ட் கூரை வேய்கிறவன். ஊரெல்லாம் அவனைத் தங்கமான பையன் என்று சொன்னது. பனி பெய்தால் பக்கத்து வீட்டு வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுவான், ரூலியை வாய் நிறைய "அத்தை" என்பான். டெஸலின் மணிக்கட்டு முறிந்தபோது மாடிப்படியில் விழுந்தாள் என்றார்கள். ரூலி நம்பினாள். இரண்டாவது தடவை விலா எலும்பு. அதற்கும் அதே மாடிப்படிதான். அப்போதும் நம்பினாளே, அதைத்தான் அவளால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்று கோடைக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், டெஸல் ஒரு தோள்பையோடு கிளம்பினாள். பெண்களுக்கான பாதுகாப்பு விடுதியில் முதலில் ஐந்து மாதம், பிறகு நாட்டின் அந்தக் கோடியில், மிடல்பர்கில், ஒரு சின்ன வீடு. கிளம்பியபோது அவள் இரண்டு மாதக் கர்ப்பம். அது கூர்டுக்குத் தெரியாது. மார்ச் ஒன்பதாம் தேதி சீம் பிறந்தான். அதுவும் அவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் தகப்பன் என்ற உரிமையோடு கோர்ட்டுக்குப் போவான், வாரா வாரம் கதவைத் தட்டுவான், பதினெட்டு வருஷத்துக்கு விடமாட்டான். வடக்கே, ஆசென் பக்கம், இந்தச் செய்தி தெரிந்த ஒரே ஆள் ரூலி.

அவளும் மூச்சு விடவில்லை. பிள்ளை பிறந்தால் ஊருக்கெல்லாம் அட்டை போடுவார்கள், ரூலி ஒன்றும் போடவில்லை. பிள்ளை பிறந்த வீடு என்று காட்ட ஜன்னலில் கொக்குப் பொம்மை வைக்கவில்லை. வழக்கப்படி அண்டை வீட்டாருக்கு ரஸ்க்கில் சோம்பு மிட்டாய் தூவிக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு ரஸ்க்கில் தானே தூவி, சமையலறையில் நின்றபடி தின்றாள், தின்றுகொண்டே அழுதாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான்கு மணி நேரம் ரயிலில் போய்ப் பேரனைப் பார்த்து வருவாள். கேட்டவர்களிடம் தங்கச்சி வீட்டுக்கு என்று சொன்னாள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் டெஸல் போனில் சொன்னாள். "அம்மா, எங்க தெருவுலேயே வயசானவங்களுக்குக் கட்டின வீடு ஒண்ணு காலியாகுது. உன் பேரு பட்டியல்ல மேல வந்திருக்கு. ஜூன்ல சாவி குடுப்பாங்களாம். மூணாவது மாடி, லிப்ட் இருக்கு."

"மூணாவது மாடியா? என் சைக்கிளை எங்கடி வைக்கிறது?"

"பேரனைப் பாக்க வரியா, சைக்கிளைப் பாக்க வரியா?"

"சரி சரி, விக்கிறேன். கத்தாதே."

அந்தக் கட்டடத்தில் மின்சார சைக்கிளை உள்ளே வைத்துச் சார்ஜ் போடத் தடை, பேட்டரி தீப்பிடித்துவிடும் என்று பயம். ஆக, சைக்கிளை விற்பதுதான் அந்தப் புது வாழ்க்கைக்கு முதல் வேலையாக ஆயிற்று. ரூலிக்கு அப்போது அறுபத்தாறு வயது. இத்தனை சந்தோஷமாக அவள் எதையும் துடைத்துப் பளபளப்பாக்கியதில்லை.

இணையத்தில் சைக்கிள் விற்பது எப்படி என்று ரூலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கள்ளப் பயல்களை ஆயுள் பூராவும் பார்த்தவள். படம் எடுத்தபோது பின்னால் வெறும் செங்கல் சுவர் மட்டும் தெரியும்படி நிறுத்தினாள். வீட்டு எண், தெருப் பெயர், எதிர்வீட்டுக் கார் எதுவும் படத்தில் இல்லை. சட்டகத்தில் பொறித்த எண்ணை விளம்பரத்தில் போடவில்லை, ஒரு தாளில் எழுதித் தனியே வைத்தாள். கடை ரசீது, சார்ஜர், இரண்டு சாவி எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டாள். பேட்டரியை முழுக்க ஏற்றி, தானே ஓட்டிப் பார்த்து, எழுபது கிலோமீட்டர் போகிறது என்று உண்மையைத்தான் எழுதினாள். ஆயிரத்து இருநூறு யூரோ, பேரம் கிடையாது.

பத்து நிமிஷத்தில் வந்தான் ஒருவன். "நான் வெளிநாட்டுல இருக்கேன் மேடம். கூரியர் ஆளை அனுப்புறேன். நீங்க நிஜ ஆளுதானான்னு தெரிய, இந்த இணைப்புல ஒரே ஒரு சென்ட் மட்டும் அனுப்புங்க" என்று எழுதினான்.

ரூலி பதில் எழுதினாள். "தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் திருடனுங்களைப் பாத்தவ. உங்கம்மாகிட்ட போய் ஒரு சென்ட் வாங்கிக்கோ."

அடுத்தவன் ராத்திரி வருகிறேன் என்றான், பகலில் மட்டும்தான் என்றாள், ஆளைக் காணோம். இன்னொருத்தன் பேட்டரி மட்டும் போதும் என்றான். எல்லோரையும் கழித்துக்கட்டினாள். கழித்துக்கட்டக் கழித்துக்கட்ட அவளுக்கு உற்சாகம்தான், பழைய வேலை திரும்பக் கிடைத்த மாதிரி.

பிறகு அல்பர்டின் வந்தாள். போர்கரில் இருப்பவள், ஐம்பத்திரண்டு வயது, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பதினெட்டு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்திருந்தாள், பிடித்திருந்தால் சைக்கிளிலேயே திரும்பிவிடலாம் என்று தலைக்கவசத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். சனிக்கிழமை, பட்டப்பகல் பதினோரு மணி. ரூலி அவளை வீட்டுக்குள் கூப்பிடவில்லை, கொட்டகை வாசலிலேயே நிறுத்தினாள். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போலீஸ்ல இருந்தீங்களா?" என்றாள் அல்பர்டின்.

"அதைவிட மோசம். சைக்கிள் காப்பகத்துல இருந்தேன்."

அல்பர்டின் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல சிரிப்பு. ஓட்டிப் பார்க்க ஒரு சாவியை மட்டும் கொடுத்து, அவள் கைப்பையை ரூலி தன் கையில் வைத்துக்கொண்டாள். "இந்தத் தெருமுனை வரைக்கும்தான். திரும்பி வர்ற வரைக்கும் என் கண்ணுல படணும்." தெருமுனை வரை போய், ஒழுங்காகத் திரும்பி, கன்னமெல்லாம் சிவந்து வந்து இறங்கினாள். பணத்தை வங்கியிலிருந்து அனுப்பினாள். அவள் போன் திரையைக் காட்டியும் ரூலி பார்க்கவில்லை. தன் கணக்கில் வந்து விழுந்ததைத் தன் போனில் பார்த்த பிறகுதான் இரண்டாவது சாவியைக் கொடுத்தாள். விற்பனைத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் கச்சிதம்.

"தப்பா நினைக்காதீங்க, கிளம்பறதுக்கு முன்னாடி உங்க டாய்லெட்டுக்குப் போய்ட்டு வரலாமா?" என்றாள் அல்பர்டின். "வழியெல்லாம் பொட்டல் காடு. எதிர்க்காத்து வேற."

வீட்டுக்குள் ஆளை விடுவதில்லை என்பது ரூலி வைத்திருந்த முதல் விதி. ஆனால் கழிப்பறை வாசல் கதவை ஒட்டினாற்போலத்தான் இருக்கிறது. அதுவா வீடு? கையெழுத்துப் போட்டு, காசு கொடுத்து, சிரித்த முகத்தோடு நிற்கிற பொம்பளையை மூத்திரம் போகாதே என்று எப்படிச் சொல்வது?

"வலது பக்கக் கதவு. விளக்கு சுவிட்ச் வெளியில இருக்கு" என்றாள்.

இந்த நாட்டில் எல்லோர் வீட்டுக் கழிப்பறையிலும் பிறந்தநாள் காலண்டர் தொங்கும். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே. யாருக்கு எந்தத் தேதி என்று பார்த்து நினைவில் வைத்துக்கொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது. வருஷம் மாறினாலும் அதே காலண்டர்தான், பிள்ளை பிறந்தால் பெயரை ஏற்றுவார்கள், செத்தால் சின்னச் சிலுவை போடுவார்கள். ரூலியின் காலண்டர் முப்பது வருஷப் பழசு. சீம் பிறந்த செய்தி வந்த அன்று, போனைக் கீழே வைத்துவிட்டு, கை தானாகப் பேனாவை எடுத்து, மார்ச் ஒன்பதில் எழுதிவிட்டது. "சீம், டெஸலின் மகன்", பக்கத்தில் வருஷம், இரண்டு நட்சத்திரம். ஊருக்கு அட்டை போடாதவள், கொக்குப் பொம்மை வைக்காதவள், இதை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பெயரைக் காலண்டரில் எழுதுவது பல் தேய்ப்பது மாதிரி அல்லவா, அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அதே காலண்டரில் அக்டோபர் பதினான்கில் இருந்த ஒரு பெயரை, டெஸல் கிளம்பிய வாரம், தாள் கிழிகிற அளவுக்கு அடித்து வைத்திருந்தாள்.

அல்பர்டின் வெளியே வந்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், நன்றி சொன்னாள், கையசைத்துக்கொண்டே போனாள். ரூலி கதவைச் சாத்தினாள், டெஸலுக்குப் போன் போட்டாள்.

"வித்துட்டேன்டி! ஒரு பயலாலயும் என்னை ஏமாத்த முடியல."

"நீ யாரு! உன்னை எவன் ஏமாத்துவான்" என்றாள் மகள்.

இரண்டு வாரம் ரூலி பெட்டி கட்டினாள். பதினைந்தாம் நாள் மாலை நான்கு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. திறந்தாள். கூர்ட் நின்றிருந்தான். தலையை ஒழுங்காக வாரியிருந்தான், கையில் டூலிப் பூங்கொத்து.

"வாழ்த்துகள், அத்தை" என்று கையை நீட்டினான். இங்கே பிள்ளை பிறந்தால் குடும்பத்தில் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்வது வழக்கம். "பாட்டி ஆயிட்டீங்க. எனக்கும் சொல்லுங்க பாப்போம், நானும் அப்பா ஆயிட்டேனே. ரெண்டு வருஷமா."

"என்ன உளர்றே?"

"சீம். மார்ச் ஒன்பது. நல்ல பேரு." அவன் குரலை உயர்த்தவே இல்லை. எப்போதும் உயர்த்தியதில்லை என்று டெஸல் சொல்லியிருந்தாள். "எங்க மேஸ்திரிக்குப் போன ஞாயித்துக்கிழமை பொறந்தநாள். எல்லாரும் வட்டமா நாற்காலி போட்டு, கேக் தட்டோட உக்காந்திருக்கோம். அவர் கொழுந்தியா ஒருத்தி, அல்பர்டின்னு பேரு, புது சைக்கிளைப் பத்தி ஒரே பெருமை. வித்த அம்மா எவ்வளவு கெட்டின்னு நடிச்சே காட்டினா. கைப்பையைப் புடுங்கி வச்சுக்கிட்டாங்களாம்! நாங்கெல்லாம் சிரிச்சு சிரிச்சு... அப்புறம் சொன்னா, அந்த அம்மா டாய்லெட்டுல காலண்டரைப் புரட்டினாளாம், அக்டோபர் பதினாலாம் தேதி பொறந்த எவனையோ பேனாவாலேயே குத்திக் கொன்னிருக்காங்க, பாவம் அவன்னு. எங்க மேஸ்திரி என்னைப் பாத்து, டேய் கூர்ட்டு, உன் பொறந்தநாளுடான்னாரு. எல்லாரும் அதுக்கும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன போட்டிருந்துச்சுன்னு கேட்டேன். பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நட்சத்திரம் போட்டிருந்ததைக்கூடச் சொன்னா."

ரூலி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பொம்பளை மேல் கோபப்படக்கூட வழியில்லை. நல்லவள், நாணயமானவள், வாங்கிய பொருளைப் பிறந்தநாள் வீட்டில் புகழ்ந்தாள், அவ்வளவுதான். ஒரு திருடன் வந்திருந்தால் சைக்கிள் மட்டும்தான் போயிருக்கும். அட பாவி மனுஷி, ஒரு திருடனிடம் கொடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா!

"எங்க இருக்காங்க?" என்றான் கூர்ட்.

"தெரியாது."

"சரி. வக்கீல் பாத்துப்பாரு. அவசரமில்ல." பூங்கொத்தை அவள் கையில் திணித்தான். "தண்ணில வைங்க அத்தை, வாடிடும்."

அன்று டெஸலுக்குப் போன் போட ரூலிக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. பொய் ஒன்றை ஜோடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"டெஸல்? திட்டுடி. எதாவது சொல்லு."

"டாய்லெட்டுல எழுதி வச்சிருந்தியா?" என்றாள் டெஸல். கோபமாகக்கூட இல்லை, அசதியாகக் கேட்டாள். "நான் எத்தனை தடவை அங்க உக்காந்து அந்தக் காலண்டரைப் பாத்திருப்பேன். எனக்கும் தோணியிருக்கணும்."

இதைவிடத் திட்டியிருக்கலாம் என்று ரூலிக்குப் பட்டது.

மாதச் சனிக்கிழமை வந்தது. போகவேண்டாம் என்று மனசு சொன்னது, போகாமல் இருக்கவும் முடியவில்லை. ஆசென் நிலையத்தில் நடைமேடைக்கு ஏறியவள், நாலு தப்படியில் கூர்டைப் பார்த்தாள். காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவளைப் பார்த்துக் கோப்பையை உயர்த்திக் காட்டினான். அவள் ஏறியதும் அடுத்த பெட்டியில் ஏறினான். அடுத்த நிலையமான பேலனிலேயே இறங்கினாள், அவனும் இறங்கினான். எதிர்ப்பக்க வண்டியில் வீடு திரும்பினாள். அவன் அவளுக்கு மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டு வந்தான்.

போலீசுக்குப் போனாள். இளம்பெண் ஒருத்தி பொறுமையாக எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள். "அவர் உங்களை மிரட்டினாரா?"

"பூ குடுத்தான்."

"ரயில்ல பயணம் செய்றது குத்தமில்லைங்க. திரும்பத் திரும்ப நடந்தா தேதி போட்டு எழுதி வைங்க, அப்ப பாக்கலாம்."

"எழுதி வைக்கவா?" என்று ரூலி சிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஏன் என்று புரியவில்லை.

மே மாதம் கோர்ட், அரசுப் பதிவேட்டில் விலாசம் பார்த்து, டெஸலுக்குக் கடிதம் அனுப்பியது. சீமின் தகப்பன் என்று தன் பெயரைப் பதிய வேண்டும், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கூர்ட் மனுப் போட்டிருந்தான். டெஸலின் வக்கீல், அவன் மறுபடியும் உங்கள் அம்மாவைப் பின்தொடர்ந்தால் ஊர் தெரிந்துவிடும், வழக்கு முடிவதற்குள் இடம் மாறிவிடுங்கள், விலாசத்தைக் கோர்ட்டுக்கு மட்டும் மூடிய உறையில் கொடுப்போம் என்றாள். மிடல்பர்கில் மூன்றாவது மாடி வீட்டை ரூலி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாள். கட்டிய பெட்டிகளைப் பிரிக்கவில்லை, கூடத்தில் அப்படியே கிடந்தன, நடக்கும்போதெல்லாம் முட்டிக்கொண்டாள்.

ஜூன் முதல் வாரம் டெஸல் கூப்பிட்டாள். பின்னால் யாரோ சாமான் நகர்த்தும் சத்தம்.

"அம்மா, நாளைக்குக் காலைல கிளம்பறோம். இந்த நம்பரும் இனிமே இருக்காது. வக்கீல் உனக்குக்கூடச் சொல்லக் கூடாதுங்கறா. அவளுக்கென்ன, அவ அம்மா ஊருல பத்திரமா இருப்பா." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என்னால முடியாதும்மா. சீம் ரயில் சத்தம் கேட்டா நீ வரியான்னு ஜன்னலுக்கு ஓடறான். உனக்கு மட்டும் சொல்றேன். யாருக்கும் தெரிய வேண்டாம். அந்த ஊரு பேரு..."

"சொல்லாதே" என்றாள் ரூலி.

"அம்மா?"

"என்கிட்ட சொல்லாதேடி. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு, என்கிட்ட மட்டும் சொல்லாதே. நான் ஊரு பேரை வாயால சொல்லிப் பாப்பேன். வண்டி எத்தனை மணிக்குன்னு பாப்பேன். குளிர் எப்படின்னு பாத்துட்டு, அவனுக்குத் தொப்பி பின்னி எங்கயாவது வைப்பேன். என்னை எனக்குத் தெரியும் இப்ப."

"அப்ப எப்பதான்..."

"பிள்ளைகிட்ட போனைக் குடு."

சீமுக்கு இரண்டு வயது. போனைக் கையில் வாங்கினால் பேசமாட்டான், மூச்சு மட்டும் விடுவான். ரூலி அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எதையோ வாயில் போட்டு மெல்லுகிற சத்தம் வந்தது. ரொட்டியாக இருக்கும். பிறகு தூரத்தில் டெஸல், "பாட்டிக்கு டாட்டா சொல்லு" என்பதும், "அம்மா, இரு, வச்சுடாதே, நான் சொல்லிடறேன்" என்று ஓடிவருவதும் கேட்டது.

ரூலி போனை வைத்துவிட்டாள்.